ஒரு புள்ளி தள்ளி வை!

"ஐயோ... ரத்தம்!"

துப்புரவுப் பெண்மணியின் அலறல் மூன்றாவது மாடியில் கிளம்பியது. லிஃப்ட் வேலை செய்யாததால் படிக்கட்டு வழியாகவே தரைத்தளம் வரை இறங்கி வந்தது.

காலை மணி ஒன்பது நாற்பது.

எரிசக்திப் புள்ளிவிவர அலுவலகம். வழக்கமாக அங்கே அலறுவது பிரிண்டர் மட்டும்தான்.

ஓடிப் போய்ப் பார்த்தவர்கள் உறைந்தார்கள்.

நாற்காலி மல்லாந்து கிடந்தது. மேஜை டிராயர் வாயைப் பிளந்திருந்தது. மேஜைமேல் விரித்திருந்த பெரிய அட்டவணை முழுக்க... சிவப்பு! தரையிலும் சொட்டுச் சொட்டாக!

அது 'தசமம்' உட்காரும் மேஜை.

தசமம் அந்த அலுவலகத்தின் மூத்த கணக்கீட்டு அதிகாரி. அவருடைய நிஜப்பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மணி என்ன என்று கேட்டால் மற்றவர்கள் "பத்தே முக்கால்" என்பார்கள். அவர் "பத்து புள்ளி ஏழு அஞ்சு" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பக்கத்துத் தெருவில்தான் போலீஸ் ஸ்டேஷன். ஐந்தாவது நிமிடம் பெண் இன்ஸ்பெக்டர் படியேறி வந்துவிட்டார். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு அவருடைய ஏட்டு.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். சிவப்பில் விரலை வைத்தார். முகர்ந்தார்.

"ரத்தம் இல்ல. மசி!"

"நல்லா பாருங்க மேடம்..." ஏட்டின் குரலில் லேசான ஏமாற்றம்.

"நீங்க வேணா நக்கிப் பாருங்க ஏட்டய்யா."

கூட்டம் சிரித்தது. பயம் கலைந்தது. காபி வாங்க இரண்டு பேர் கிளம்பியேவிட்டார்கள்.

அப்போதுதான்...

ட்ரிங்ங்ங்!

டைரக்டர் அறையில் போன். டைரக்டர் எடுத்தார். 'ஹலோ' சொன்னார். அவர் முகத்திலிருந்த ரத்தம் வேலை நேரம் முடிந்ததுபோல மொத்தமாகக் கிளம்பிப் போனது.

இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினார்.

கரகரவென்று ஒரு குரல். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசியது.

"உங்க தசமம் என் கையில இருக்கார். அவர் உயிரோட வேணும்னா... சாயந்திரம் மூணு மணிக்குள்ள ஒரு காரியம் பண்ணுங்க."

"எவ்... எவ்வளவு வேணும்?" டைரக்டர் திக்கினார்.

"பணம் வேண்டாம். புள்ளி வேணும்."

"என்னது?"

"ஏழாவது அட்டவணை. நம்ம நாட்டோட பயோகேஸ் எண். நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. அந்தப் புள்ளியை இடது பக்கம் ஒரு இடம் தள்ளி வைங்க. அவ்வளவுதான்!"

டொக்.



"என் சர்வீஸ்ல செயின் கேட்டிருக்கான், கார் கேட்டிருக்கான்..." ஏட்டு தலையைச் சொறிந்தார். "புள்ளி கேட்டு கடத்தினவனை இப்பதான் பாக்கறேன்."

"இந்த போன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு டெலிபோன் ஆபீஸ்ல கேளுங்க ஏட்டய்யா. உடனே!" இன்ஸ்பெக்டர் டைரக்டர் பக்கம் திரும்பினார். "சார், உக்காருங்க. அது என்ன ஏழாவது அட்டவணை? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

டைரக்டர் தண்ணீர் குடித்தார். அந்தப் பேச்சு வந்ததும் அவரையறியாமல் நெஞ்சு நிமிர்ந்தது.

"சாணம், காய்கறிக் கழிவு, சாக்கடைக் கசடு... இதையெல்லாம் புளிக்க வெச்சு எடுக்கறதுதான் பயோகேஸ். அதுல ஆளுக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் எரிசக்தி கிடைக்குதுன்னு கணக்கு எடுப்போம். நம்ம பிராந்தியத்துல மொத்தம் எட்டு நாடு. எட்டுக்கும் சேர்த்து சராசரி பதினெட்டரை. நம்ம நாடு மட்டும் நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு!"

"அதாவது?"

"முதலிடம் மேடம்! இன்னிக்கு மூணு மணிக்கு மந்திரி அறிவிக்கப் போறார். எட்டு நாட்டுக்காரங்களும் கீழ மண்டபத்துல வந்து உக்காந்திருக்காங்க."

"புள்ளியைத் தள்ளி வெச்சா?"

"நாலு புள்ளி ஒண்ணு ரெண்டு. கடைசி இடம்!" டைரக்டர் மேஜையைத் தட்டினார். "இது பக்கத்து நாட்டுச் சதி மேடம்! போன வருஷம் அவங்கதான் முதலிடம். பொறாமை!"

"பக்கத்து நாட்டுல இந்த அட்டவணையைப் பாத்திருக்காங்களா?"

"இல்ல. ரகசியம். பாத்தது நானும் தசமமும்தான்."

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார்.

கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண்மணி. கிளினிக்கிலிருந்து பாதி வேலையில் ஓடி வந்திருந்தார். பல் டாக்டர். தசமத்தின் மனைவி.

"என் வீட்டுக்காரரைக் கடத்திட்டாங்களாமே... நிஜமா?"

"தைரியமா இருங்கம்மா."

"நான் தைரியமாத்தான் இருக்கேன். கடத்தினவங்கதான் பாவம். டீ கொடுத்தா கப்ல எத்தனை மில்லின்னு கேப்பார்..." சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. கோட்டு நுனியைக் கசக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"காலைல ஆறு மணிக்கே ஆபீஸ் கிளம்பிட்டார். ரெண்டு மாசமாவே சரியில்ல மேடம். தூக்கத்துல 'தப்பு... தப்பு...'ன்னு முனகறார். நான் வேற மாதிரி சந்தேகப்பட்டேன். கடைசியில பாத்தா கணக்காம்!"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நேராகத் தசமத்தின் மேஜைக்குப் போனார். திறந்து கிடந்த டிராயரில் கையை விட்டார்.

நான்கு தாள்கள். நான்கும் டைரக்டருக்கு எழுதிய குறிப்புகள்.

'நம் நாட்டு எண் சந்தேகமாக உள்ளது. மறுபரிசீலனை தேவை.'

கீழே பச்சை மசியில் டைரக்டரின் பதில். நான்கிலும் ஒரே பதில்.

'பார்த்தேன்.'

"என்ன சார் பாத்தீங்க?"

டைரக்டர் ஜன்னலைப் பார்த்தார். "ஆதாரம் கொண்டு வாய்யான்னு வாயால சொன்னேன் மேடம். சும்மா சந்தேகம்னு எழுதினா? மந்திரியோட பேச்சு அச்சடிச்சாச்சு..."

"அதை விடுங்க. நாட்டுல எத்தனை மாடு சார்?"

"மாடா?" ஒரு தொகை சொன்னார்.

"பக்கத்து நாட்டுல?"

"அது... நம்மளை விட ரெண்டு மடங்கு."

"காய்கறிச் சந்தை?"

"அதுவும் அங்கதான் ஜாஸ்தி."

"அவங்களுக்குப் பதினேழு. நமக்கு நாப்பத்தொண்ணா? நம்ம மாடு மட்டும் ஓவர்டைம் பாக்குதா சார்?"

டைரக்டரின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. கடத்தல்காரன் பொய் சொல்லச் சொன்னா நியாயம். இவன் உண்மையைச் சொல்லச் சொல்றானே!"

கைக்குட்டையால் அட்டவணையின் மேல் உறைந்திருந்த சிவப்பு மசியைத் துடைத்தார். அடியில் பேனாவால் போட்ட ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள்...

'வடக்குச் சந்தை பயோகேஸ் நிலையம்.'

"அது என் தம்பி வேலை பாக்கற இடம்!" தசமத்தின் மனைவி துள்ளி எழுந்தார்.

"போன் போடுங்க!"

போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வண்டியை எடுங்க ஏட்டய்யா!"

ஜீப் பறந்தது.

நாற்பது நிமிடத்தில், கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு நிலையம் வந்து சேர்ந்தது. அழுகிய கோஸ் இலை, நசுங்கிய தக்காளி, ஒரு டிராக்டர் நிறையச் சாணம். நடுவில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு பெரிய பச்சைக் கூடாரம், உள்ளே வாயு நிறைந்து விம்மிக்கொண்டிருந்தது.

ஏட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார். "மேடம், கடத்தினவன் இங்கயா வெச்சிருப்பான்? அவனுக்கே தாங்காதே!"

ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் இளைஞன் ஓடி வந்தான். நிலையத்தின் ஆபரேட்டர். டாக்டரின் தம்பி.

"அக்கா! நீ எங்க இங்க?"

"மாமா எங்கடா?"

"மாமாவா? காலைல எட்டரைக்கே வந்தாரே. பழைய ரிஜிஸ்டரெல்லாம் ரூம்ல உக்காந்து புரட்டிக்கிட்டு இருந்தார். நான் தொட்டியில லோடு இறக்கப் போனேன். கால் மணி நேரம் முன்னாடி பாத்தா ஆளைக் காணோம். கிளம்பிட்டார் போலன்னு..."

"தனியாவா வந்தார்?" இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார்.

"ஆமா மேடம். பஸ்ல வந்தார்."

கேட்டில் ஒரு மரப்பெட்டி. உள்ளே போகிறவர்கள் போனை அணைத்து அதில் போட வேண்டும். வாயு இருக்கும் இடத்தில் போனுக்கு அனுமதியில்லை. பெட்டியில் தசமத்தின் போன் இருந்தது.

பக்கத்தில் வருகைப் பதிவேடு. உள்ளே வந்த நேரம், எட்டு புள்ளி ஐந்து. கையெழுத்து.

வெளியே போன நேரம்...

காலி!

"கையெழுத்துப் போடாம அவர் சொர்க்கத்துக்குக்கூடப் போக மாட்டாரே..." என்றார் மனைவி.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளிறியது.

"மீட்டர் எங்க இருக்கு?" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"அந்தக் குழிக்குள்ள..." தம்பியின் கண்கள் விரிந்தன. "ஐயோ... மாமா!"

ஓடினார்கள்.

குழியின் இரும்பு மூடி ஒருபக்கம் தள்ளிக் கிடந்தது. பத்தடி ஆழம். இரும்பு ஏணி. அடியில், மீட்டருக்கு நேர் கீழே, ஒரு செருப்பு... ஒரு கால்... சுருண்டு கிடந்த ஓர் உடல்!

இன்ஸ்பெக்டர் ஏணியில் காலை வைத்தார். தம்பி அவர் தோளைப் பிடித்து இழுத்தான்.

"இறங்காதீங்க மேடம்! வாயு கசிஞ்சிருக்கு!"

"அழுகின முட்டை நாத்தம்கூட வரலையே?"

"நாத்தம் வந்தா பயப்பட வேண்டாம். திடீர்னு நாத்தமே தெரியலன்னாதான் பயப்படணும். மூக்கை மரத்துப்போக வெச்சிடும். இறங்கினீங்கன்னா ரெண்டாவது ஆளும் உள்ளதான்!"

பேசிக்கொண்டே காற்றூதியைக் குழிக்குள் திருப்பிவிட்டான். காற்றுக் குழாய் வைத்த முகமூடியை மாட்டினான். இடுப்பில் ஒரு கயிறு, மாமாவைக் கட்டித் தூக்கக் கையில் இன்னொரு கயிறு. சரசரவென்று இறங்கினான்.

பத்து நொடி... இருபது நொடி...

கயிறு இரண்டு முறை ஆடியது.

"இழுங்க!"

இன்ஸ்பெக்டர், ஏட்டு, பல் டாக்டர் மூவரும் கால்களை மண்ணில் ஊன்றி இழுத்தார்கள். தசமம் மேலே வந்தார். உதடுகள் நீலம். உடம்பு துணி மூட்டைபோலத் துவண்டிருந்தது.

முதலுதவி அறையிலிருந்து ஆக்சிஜன் வந்தது. மனைவி கணவன் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தார்.

"எந்திரிங்க... தயவுசெஞ்சு எந்திரிங்க... எத்தனை புள்ளி வேணாலும் வெச்சுக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்..."

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

மார்பு ஏறி இறங்கியது. ஓர் இருமல். கண் இமைகள் துடித்தன.

"மணி... என்ன?"

"பதினொண்ணே கால்!" ஏட்டு ஆனந்தத்தில் கத்தினார்.

"பதினொண்ணு புள்ளி... ரெண்டு அஞ்சு..."

மனைவி அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார்.

"யார் சார் உங்களைக் கடத்தினது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

தசமம் மலங்க மலங்க விழித்தார். "கடத்தலா? நானே... பஸ்லதான் வந்தேன். நின்னுக்கிட்டே..."

இதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதில் வந்த டாக்டர் பரிசோதித்துவிட்டு இன்ஸ்பெக்டரைத் தனியே அழைத்தார்.

"இன்னும் அஞ்சே நிமிஷம் தாமதிச்சிருந்தா நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருந்திருக்காது மேடம்."

தசமத்தின் இடது கை மயக்கம் தெளிந்த பிறகும் இறுக மூடியே இருந்தது. மனைவி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளங்கையில் பேனாவால் எழுதிய எண். கடைசி இலக்கத்தைச் சுற்றி ஒரு கட்டம்.

குழியில் காற்று சுத்தமானதும், தம்பி கருவியால் சோதித்துத் தலையாட்டினான். இன்ஸ்பெக்டர் தானே இறங்கி மீட்டரைப் பார்த்தார்.

ஏழு இலக்கங்கள். ஆறு கறுப்பு. கடைசி ஒன்று மட்டும் சிவப்புக் கட்டத்துக்குள்.

"அந்தச் சிவப்பு தசமம் மேடம்" என்றான் தம்பி மேலிருந்து. "போன வருஷம் எல்லா நிலையத்துக்கும் இந்தப் புது மீட்டர்தான் மாட்டினாங்க. ஏழையும் சேர்த்து எழுதி அனுப்புன்னு சொன்னாங்க. எழுதினோம்."

அதாவது நாடு முழுக்க எல்லாமே... பத்து மடங்கு!

மதியம் மணி இரண்டு பத்து.

டைரக்டர் அறையில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தசமம் பிழைத்தார் என்று கேட்டபோது டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த விஷயத்தைக் கேட்டபோது மறுபடி துடைத்துக்கொண்டார்.

"அப்ப நாம முதலிடம் இல்லையா?"

"எட்டாவது இடம் சார்."

"மொத்தம் எத்தனை நாடு?" உதறலில் கேட்டுவிட்டார்.

"எட்டு. நீங்கதான் காலைல சொன்னீங்க."

டைரக்டர் நாற்காலியில் சரிந்தார். பிறகு மெதுவாக வாயைத் திறந்தார்.

"ரெண்டாவது குறிப்பு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு மேடம். ஆனா கையெழுத்துப் போட்டது நான். முதலிடம்னு மந்திரிகிட்ட துள்ளிக் குதிச்சு சொன்னது நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இல்லன்னு சொல்றது?"

"சொல்லலன்னா என்ன ஆகும்?"

"நமக்குத் தேவைக்கு மேல இருக்குன்னு சொல்லி... மாட்டுப் பண்ணைக் கிராமங்களுக்குக் கட்ட இருந்த இருநூறு சாண எரிவாயுக் கலன்களை ரத்து பண்ணப் போறாங்க. அந்தக் காகிதமும் இன்னிக்குத்தான் கையெழுத்தாகுது."

"இருநூறு ஊர்ல இன்னமும் விறகு அடுப்பு ஊதிக்கிட்டு இருக்காங்க சார். உங்க ஆள் அதுக்காகக் குழியில இறங்கினார். நீங்க மாடியில இருந்து ஒரு மாடி கீழ இறங்கணும். அவ்வளவுதான்."

டைரக்டர் எழுந்தார். சட்டையைச் சரி செய்துகொண்டார். உள்ளங்கை எண்ணைப் பிரதி எடுத்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டார்.

மண்டபத்துக்கு இறங்கிப் போனார்.

மேடைக்குப் பின்னால் மந்திரி அவர் சொன்னதைக் கேட்டார். சிவந்தார். கறுத்தார். பிறகு எப்படியோ பழைய நிறத்துக்கு வந்தார். மந்திரி ஆனவருக்கு அது பழக்கம்தான்.

மணி மூன்று. மந்திரி மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! நாம் எட்டாவது இடத்தில் இருக்கிறோம்! இந்த உண்மையைச் சொல்லும் துணிச்சல் இந்தப் பிராந்தியத்திலேயே நம் ஒரு நாட்டுக்குத்தான் இருக்கிறது! இருநூறு கலன்களை இந்த ஆண்டே கட்டுவோம்!"

கைதட்டல்! பக்கத்து நாட்டுக்காரர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த தசமம் மனைவியின் கையைப் பிடித்தார். ஓர் எண்கூடச் சொல்லாமல் அவர் இருந்தது அதுதான் முதல் தடவை.

டைரக்டரும் இன்ஸ்பெக்டரும் மண்டபத்திலிருந்து அறைக்குத் திரும்பியதும் ஏட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"மேடம்! காலைல வந்த போன்... எங்கேர்ந்துன்னு தெரிஞ்சு போச்சு!"

சீட்டைப் படித்த இன்ஸ்பெக்டரின் உதட்டோரம் துடித்தது. மேஜை போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டார்.

எதிர்முனையில் எடுத்தார்கள். மூச்சுச் சத்தம்.

"புள்ளியைத் தள்ளி வெச்சுட்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்பாடா!"

கரகரப்பு போன இடம் தெரியவில்லை. அசல் பெண் குரல்!

டைரக்டர் மின்சாரம் பாய்ந்ததுபோல நிமிர்ந்தார். "இது... இது என் வீட்டுக்காரி குரல்!"

"இப்பவாவது தெரிஞ்சுதே!" என்றது போன். "இருபத்தெட்டு வருஷமா நான் பேசறதைக் காதுல வாங்கியிருந்தா காலையிலேயே தெரிஞ்சிருக்கும். கர்ச்சீப்பை வெச்சுப் பேசினேன். அவ்வளவுதான்!"

"அடியே... ஏன் இப்படி?"

"ரெண்டு மாசமா தூங்கினீங்களா? கூடத்துல நடந்து நடந்து தரையே தேஞ்சு போச்சு. 'தப்பை ஒத்துக்கோங்க'ன்னு எத்தனை தரம் சொன்னேன்? நான் சொன்னா கேக்க மாட்டீங்க. கடத்தல்காரன் சொன்னா கேப்பீங்கன்னு தோணுச்சு!"

"தசமம் ஆபீஸ்ல இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்மா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"காலைல ஏழு மணிக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னார் மேடம், கையெல்லாம் சிவப்பு மசி. அவசரத்துல கொட்டிக்கிட்டாராம். இவர் குளிச்சுக்கிட்டு இருந்தார். 'ஏழாவது அட்டவணையில புள்ளி ஒரு இடம் மாறியிருக்கு, ஆதாரம் எடுக்க நிலையத்துக்குப் போறேன், உள்ள போன் கிடையாது, மூணு மணிக்குள்ள வந்துடறேன்'னு சார்கிட்ட சொல்லச் சொன்னார். நான் சொல்லல. மூணு மணி வரைக்கும் இருந்த நேரத்தை நான் எடுத்துக்கிட்டேன்." குரல் தாழ்ந்தது. "அவர் பத்திரமா வந்துட்டார் இல்ல?"

இன்ஸ்பெக்டர் குழியைப் பற்றிச் சொன்னார். கயிற்றைப் பற்றிச் சொன்னார். டாக்டர் சொன்ன ஐந்து நிமிடத்தையும் சொன்னார்.

"நீங்க மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லலன்னா நாங்க யாரும் அவரைத் தேடியே போயிருக்க மாட்டோம்மா."

போனில் விசும்பல். டைரக்டர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "நான் வீட்டுக்கு வரேன்" என்றார். "வந்து... கேக்கறேன். நீ எது சொன்னாலும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஏட்டு பின்னாலேயே வந்தார், நோட்டும் பேனாவுமாக.

"மேடம், போலீஸையே அலைய விட்டிருக்காங்க. அந்தம்மா மேல கேஸ் எழுதணுமே?"

"கேஸா?" இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "நம்ம நாட்டுல கேஸ் ரொம்பக் கம்மின்னு இப்பதானே மந்திரியே மைக் போட்டுச் சொன்னார்... வண்டியை எடுங்க ஏட்டய்யா!"